சோடியம் எங்கிருந்து வந்தது? கோவை ஆய்வகம் ஒன்றில் கெட்டுப்போன வினையூக்கி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏழாவது தயாரிப்பும் கெட்டுப்போனபோது ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. 1999-ஆம் ஆண்டு. மெத்தனாலில் கரைத்த ஃபீனாலும் வெள்ளைத் தூளாக எங்கள் வினையூக்கியும் 60 டிகிரி சூட்டில் குடுவைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. மேலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். விட்ட உடனே கோலி சோடா உடைத்த மாதிரி நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. ஆராய்ச்சி மாணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் குடுவையைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே இருந்தது தார் போன்ற பழுப்புக் கரைசல். ஃபீனால் பெரும்பாலும் அப்படியே மிச்சம் கிடந்தது. பெராக்சைடு மட்டும் முழுக்கத் தீர்ந்திருந்தது.

எங்கள் வினையூக்கியின் பெயர் டி.எஸ்-1, டைட்டானியம் கொஞ்சம் சேர்ந்த சிலிக்காப் படிகம். நல்ல டி.எஸ்-1 இப்படி நுரைக்காது. பெராக்சைடில் இருக்கும் ஓர் ஆக்சிஜனை எடுத்து ஃபீனாலுக்குக் கொடுத்துவிடும். ஃபீனால் கேட்டகாலாகவும் ஹைட்ரோகுவினோனாகவும் மாறும், மிஞ்சுவது தண்ணீர். நுரை வந்தால் ஆக்சிஜன் யாருக்கும் பயன்படாமல் காற்றில் போகிறது என்று பொருள். முதல் நான்கு தயாரிப்புகள் அருமையாக வேலை செய்தன. ஐந்தும் ஆறும் ஏழும் வரிசையாகக் கெட்டன. ஐந்தாவது கெட்டபோது செய்முறையில் நாங்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை.

என் 30 ஆண்டு ஆராய்ச்சி வாழ்க்கையில் வெளியான கட்டுரைகள் பல உண்டு. ஆனால் கட்டுரையாகாமல் போன இந்தக் கோளாறுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. பத்தாண்டுக்கு மேல் கழித்து இதே வில்லன் வேறு வேடத்தில் திரும்பி வந்தான். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பின்னணி

அப்பா திருப்பூரில் ஒரு பிளீச்சிங் பட்டறையில் வேலை பார்த்தார். நான் பள்ளியில் படித்த காலத்தில் அங்கே பிளீச்சிங் பவுடர்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால் கொடி முழுக்க அந்தக் குளோரின் வாடை அடிக்கும். கையெல்லாம் வெடித்திருக்கும். பின்னால் பட்டறை பெராக்சைடுக்கு மாறியது. நீல கேன்களில் வரும். அப்பாவின் சட்டையில் வாடை நின்றது. ‘துணிய வெளுத்துட்டுத் தண்ணியாப் போயிருது கண்ணு’ என்று அவர் சொன்னதை அன்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். கல்லூரியில் வேதியியல் படிக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது.

ஏனென்றால் பாடப்புத்தகத்தில் ஆக்சிஜனேற்றம் என்றாலே டைக்குரோமேட், பெர்மாங்கனேட். ஒரு கிராம் பொருள் செய்ய அதைவிட அதிகமாகக் குரோமியக் கழிவோ மாங்கனீஸ் சேறோ மிஞ்சும். பெராக்சைடில் அந்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் அது சோம்பேறி. தனியாக விட்டால் ஃபீனாலைச் சீண்டாது. அதைத் தட்டி எழுப்ப ஓர் உலோகம் வேண்டும், அந்த உலோகம் பெராக்சைடை வீணாக உடைக்கவும் கூடாது. புனேவுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போனபோது நான் கையில் எடுத்துப்போன கேள்வி இதுதான்.

அதற்கு விடை ஜியோலைட் என்ற நுண்துளைக் கல்லின் குடும்பத்தில் இருந்தது. அந்தப் பெயர் 1756-இல் வந்தது. சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அதிலிருந்து நீராவி கொதித்து வந்தது. கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்று பெயர் வைத்துவிட்டார். கல்லுக்குள் மூலக்கூறு அளவில் வாய்க்கால்கள் ஓடுகின்றன, தண்ணீர் அதற்குள்தான் இருந்தது. நாங்கள் வேலை செய்த, சிலிக்காவால் ஆன வகையில் வாய்க்காலின் அகலம் ஏறக்குறைய 0.55 நானோமீட்டர், பென்சீன் வளையம் ஒன்று நுழையும் அளவு. தறியில் அச்சுப் பல்லுக்கு நடுவே நூல் போகும், நூலில் முடிச்சு விழுந்திருந்தால் போகாது. இதுவும் அப்படித்தான்: ஃபீனால் போகும், அதைவிடப் பருத்தது வாசலிலேயே நிற்கும்.

1983-இல் இத்தாலியின் எனி குழுமத்தைச் சேர்ந்த தரமாசோ, பெரேகோ, நொத்தாரி மூவரும் இந்தச் சிலிக்கா எலும்புக்கூட்டில் அங்கங்கே ஒரு சிலிக்கானை எடுத்துவிட்டு டைட்டானியத்தை உட்கார வைத்ததற்குக் காப்புரிமை பெற்றார்கள். அதுதான் டைட்டானியம் சிலிக்கலைட்-1, சுருக்கமாக டி.எஸ்-1. இதில் இரண்டு சூட்சுமம் இருக்கிறது. ஒன்று, டைட்டானியம் தனித்தனியாக, ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க வேண்டும். சேர்ந்து கட்டியாகிவிட்டால் அது வெறும் டைட்டானியம் டையாக்சைடு, பெயிண்டில் போடுகிற வெள்ளை. அது பெராக்சைடை உடைக்கும், வேறொன்றும் செய்யாது. இரண்டாவது, அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் பிடிக்காது. சாதாரண சிலிக்காவின் மேல் டைட்டானியத்தை ஒட்டிய வினையூக்கி 1970-களிலேயே ஆலையில் இருந்தது, ஆனால் தண்ணீர் பட்டால் படுத்துவிடும். பெராக்சைடோ தண்ணீரோடுதான் வரும். டி.எஸ்-1 தண்ணீரை வெளியே நிறுத்திவிட்டு ஃபீனாலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1986-இல் இத்தாலியின் ராவென்னாவில் ஆண்டுக்கு 10,000 டன் அளவில் கேட்டகாலும் ஹைட்ரோகுவினோனும் செய்யும் ஆலை இதை வைத்து ஓடத் தொடங்கியது. 2008-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும் தென்கொரியாவின் உல்சானிலும் புரொப்பிலீன் ஆக்சைடு ஆலைகள் வந்தன. மூலம் ஒன்றுதான், பெராக்சைடும் டைட்டானியம் உட்கார்ந்த சிலிக்கலைட்டும்.

நம் நாட்டுக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பால் ரத்னசாமி குழு 1991-இல் வெளியிட்ட செய்முறை உலகம் முழுக்கப் பலர் கையாளும் முறையாயிற்று. டைட்டானியச் சேர்மத்தைத் தண்ணீரில் நேராகப் போட்டால் சிலிக்கா தயாராவதற்கு முன்பே டைட்டானியம் அவசரப்பட்டுக் கட்டியாகிவிடும். அவர்கள் நிதானமாக வினைபுரியும் டைட்டானியம் பியூட்டாக்சைடை எடுத்து, ஐசோபுரோப்பனாலில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நாங்களும் இதைத்தான் செய்தோம்.

நான் கோவைக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது ஆய்வகத்தில் ஒரு மஃபில் ஃபர்னஸ், ஓர் அகச்சிவப்பு நிறமாலைமானி, பழைய ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர் ஒன்று, இவ்வளவுதான். அழுத்தத்தில் சூடாக்கும் மூடிய கலனான ஆட்டோகிளேவை பீளமேட்டில் ஒரு பட்டறையில் துருப்பிடிக்காத எஃகில் கடைந்து வாங்கினோம், உள்ளே டெஃப்ளான் குவளை. பம்பு மோட்டாருக்குக் கடைசல் பிடித்துப் பழகிய கைகள். ஓரம் கசியாமல் 175 டிகிரியில் மூன்று நாள் நின்றது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தயாரிப்பு கெட்டபோது பலரும் முதலில் அந்த உள்ளூர் ஆட்டோகிளேவைத்தான் குறை சொன்னார்கள். அது ஒரு நாளும் எங்களைக் கைவிடவில்லை.

சந்தேகங்கள்

கெட்டுப்போன தூளை எக்ஸ்-ரேக்கு அனுப்பினோம். கோடுகள் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. படிகம் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. இதில் ஒரு மாதம் ஏமாந்தோம். எக்ஸ்-ரே எலும்புக்கூட்டைக் காட்டும். 40 சிலிக்கானுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும் டைட்டானியம் உள்ளே உட்கார்ந்திருக்கிறதா, வெளியே கட்டியாகக் கிடக்கிறதா என்பதை அது அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்காது. அகச்சிவப்பில் 960 என்ற இடத்தில் வரவேண்டிய பட்டை சோகையாக இருந்தது. அதுதான் முதல் துப்பு. தூளைச் சென்னைக்கு அனுப்பிப் புறஊதா நிறமாலை எடுத்தோம். மூன்று வாரம் காத்திருந்தோம். தனித்தனி டைட்டானியம் 210 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும். எங்கள் தூளில் அது குட்டையாகவும் 330 பக்கம் ஒரு பெரிய மேடாகவும் வந்தது. அந்த மேடுதான் டையாக்சைடு கட்டி. நுரைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் டைட்டானியம் ஏன் உள்ளே போகவில்லை?

மாணவரும் நானும் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதி அடித்துக்கொண்டு வந்தோம்.

பெராக்சைடு பழசா? அயோடின் தரம்பார்த்தலில் 30 சதவீதம் சரியாக இருந்தது. நான்காம் தயாரிப்பில் மிச்சமிருந்த நல்ல தூளோடு அதே பெராக்சைடு அழகாக வேலை செய்தது. அடித்தோம்.

சூடு? வோல்டேஜ் ஏறி இறங்கும் காலம்தான். ஆனால் அடுப்பின் வெப்பநிலையை மாணவர் இரவும் பகலும் குறித்து வைத்திருந்தார். படிகமும் நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. அடித்தோம்.

காற்றின் ஈரம்? இதில்தான் எனக்கு உறுதியான சந்தேகம் இருந்தது. ஆனியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிடும். வெயில் காலத்தில் வறண்டு கிடந்த கோவைக் காற்று ஈரமாகிவிடும். டைட்டானியம் பியூட்டாக்சைடு ஈரம் பட்டாலே பாலாகத் திரியும். முதல் நான்கு தயாரிப்புகள் மாசி, பங்குனியில் செய்தவை, கெட்டவை எல்லாம் காற்றடி காலத்தில் செய்தவை. காலம் அப்படியே பொருந்தியது. பாலித்தீன் உறைக்குள் நைட்ரஜனை நிரப்பி, அதற்குள் கையை விட்டு, ஆறாவது, ஏழாவது தயாரிப்புகளைச் செய்தோம். கரைசல் கண்ணாடி போலத் தெளிவாக நின்றது. நுரை மட்டும் நிற்கவில்லை.

காலம் பொருந்துகிறது என்பதால் காரணமும் அதுதான் என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கைக்கு இரண்டு மாதமும், படிகத்தை வளர்க்கத் தேவையான காரமான, இறக்குமதி செய்த டெட்ராபுரொப்பைல் அம்மோனியம் ஹைட்ராக்சைடு இரண்டு பாட்டிலும் செலவாயின. அந்தப் பாட்டிலின் விலை எங்கள் துறைக்குச் சிறிய தொகை இல்லை. காற்றடி காலத்தோடு வேறு ஒன்றும் மாறியிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

தண்ணீர் மேல் சந்தேகமே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. ஒரு நாள் அட்டெண்டர் அண்ணா குடுவைகளைக் கழுவிக்கொண்டே, ‘ஏனுங்க மேடம், சோப்பு நொரைக்கவே மாட்டீங்குதுங்க. ஒரு கட்டியும் தீந்து போச்சுங்க’ என்றார். குழாயில் கடினநீர் வருகிறது என்று புரிந்தது. நாங்கள் குழாய்த் தண்ணீரை நேராகப் பயன்படுத்துவதில்லை, ரெசின் மணிகள் நிரப்பிய குழல்களில், அதாவது பத்திகளில், உப்பை எடுத்த டி.ஐ. வாட்டர்தான் பயன்படுத்துவோம். இருந்தாலும் ஒரு பாட்டில் பிடித்து, கடினத்தன்மையை அளக்கும் இ.டி.டி.ஏ தரம்பார்த்தல் செய்தோம். முதல் சொட்டுக்கு முன்பே நீலம். கடினத்தன்மை பூஜ்யம். தண்ணீர் சுத்தம் என்று கரும்பலகையில் அதையும் அடித்துவிட்டேன்.

பிளாங்க் ஜீரோவுக்கு வரவில்லை

விடை கிடைத்தது இளங்கலை மாணவிகளின் செய்முறை வகுப்பில். அன்று அவர்களுக்கு ஃப்ளேம் ஃபோட்டோமீட்டரில் சோடியம் அளக்கும் பயிற்சி. முதலில் வெறும் டி.ஐ. தண்ணீரை உறிஞ்சவிட்டு முள்ளை ஜீரோவில் நிறுத்த வேண்டும், அதுதான் பிளாங்க். ஒரு மாணவி எழுந்து வந்து, ‘மேம், பிளாங்க்குக்கே முள்ளு கடைசிக்குப் போயிடுது’ என்றார். மெஷின் கெட்டுவிட்டது, ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது என்றார் வகுப்பு எடுத்தவர். நான் சுடரைப் பார்த்தேன். நீலமாக இருக்க வேண்டிய சுடர் சோடியம் விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவரச் சொன்னேன். அதை வைத்ததும் சுடர் நீலமானது, முள் ஜீரோவில் நின்றது. மெஷினில் கோளாறு இல்லை. எங்கள் டி.ஐ. தண்ணீரைப் பத்து மடங்கு நீர்த்துத்தான் அளக்க முடிந்தது. லிட்டருக்கு ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம்.

அட்டெண்டர் அண்ணாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘சித்திரையிலிருந்து சிறுவாணித் தண்ணி மேல் டேங்குக்கு ஏறுறதில்லீங்க மேடம். குடிக்க மட்டும் கீழ பிடிச்சுக்கறோம். மேல சப்பைத் தண்ணிதானுங்க ஏத்தறோம். ஏனுங்க, தப்பாயிருச்சுங்களா?’ என்றார். தப்பு அவருடையது இல்லை. டேங்கில் எந்தத் தண்ணீர் ஏறுகிறது என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சிறுவாணித் தண்ணீர் மழைக்காட்டிலிருந்து வருவது, உப்பு மிகமிகக் குறைவு. சப்பைத் தண்ணீர் என்னும் ஆழ்குழாய்த் தண்ணீரோ பாறைக்கு அடியில் காலகாலமாகக் கிடந்து உப்பேறியது. சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கிய ரெசின், சப்பைத் தண்ணீருக்குச் சில நாளிலேயே தீர்ந்துபோனது. அண்ணா வழக்கம்போல மாதம் ஒருமுறை அமிலமும் காரமும் விட்டு அதைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருந்தார். கடத்துதிறன் காட்டும் மீட்டர் எப்போதோ பழுதாகி, அதைச் சரிசெய்யும் கோரிக்கை கோப்பில் உறங்கியது.

அப்படியானால் இ.டி.டி.ஏ ஏன் பூஜ்யம் காட்டியது? இங்கேதான் நான் இன்றும் வகுப்பில் பத்து நிமிடம் கூடுதலாக நிற்பேன். தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், சோடியம் மூன்றும் இருக்கின்றன. ரெசின் மூன்றையும் பிடிக்கும், ஆனால் ஒரே இறுக்கத்தில் பிடிக்காது. இரட்டை மின்சுமை உள்ள கால்சியத்தை விடாமல் பிடிக்கும். சோடியத்தை லேசாகத்தான் பிடிக்கும். இடம் தீரத் தீர, புதிதாக வரும் கால்சியம் முன்பு உட்கார்ந்திருந்த சோடியத்தை எழுப்பிவிட்டு அங்கே உட்காரும். எழுந்த சோடியம் கீழே வடியும். ஆக, பத்தி தீரும்போது முதலில் கசிவது சோடியம், கால்சியம் கசிய இன்னும் பல நாள் ஆகும். அந்த இடைவெளியில் வெளியே வரும் தண்ணீரில் கடினத்தன்மை சுத்தமாக இருக்காது, சோடியமோ உள்ளே போனதைவிட அதிகமாகவே இருக்கும். இ.டி.டி.ஏ கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மட்டும் கேட்கும் சோதனை. நான் கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

இன்னொன்றும் உண்டு. இரண்டாவது பத்தி எதிர்அயனிகளை எடுத்துவிட்டு ஹைட்ராக்சைடைக் கொடுக்கும். சோடியம் தப்பி வந்தால் அங்கே அது சோடியம் ஹைட்ராக்சைடு ஆகிவிடும். எங்கள் டி.ஐ. தண்ணீரில், காரத்தைக் காட்டிக்கொடுக்கும் ஃபினாப்தலின் ஒரு சொட்டு விட்டேன். ரோஸ் நிறம். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும் சோதனை. ஆனால் டி.எஸ்-1 கரைசலே கடும் காரம், அதில் கொஞ்சம் காரம் கூடினால் பி.ஹெச் தாளில் ஒரு வித்தியாசமும் தெரியாது. குற்றவாளி கூட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு தயாரிப்புக்கு அரை மோல் சிலிக்கான், கால் லிட்டர் டி.ஐ. தண்ணீர். அதில் 150 மில்லிகிராம் சோடியம், அதாவது 77 சிலிக்கானுக்கு ஒரு சோடியம். டி.எஸ்-1 செய்யும்போது சோடியம் போன்ற காரஉலோகம் கூடாது என்பது இத்தாலியர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் டேவிஸ் குழு 1995-இல் அதை அளந்தும் காட்டியிருந்தது: 100 சிலிக்கானுக்கு ஒரு சோடியம் என்ற அளவுக்குக் கீழே இருந்தால் பாதகமில்லை, மிகவும் கூடிவிட்டால் டைட்டானியம் எலும்புக்கூட்டுக்குள் போகாது. பாதகமில்லாத அளவை நாங்கள் தாண்டியிருந்தோம். அந்தக் கட்டுரையின் நகல் என் அலமாரியில்தான் இருந்தது. படித்து அடிக்கோடும் போட்டிருந்தேன். சோடியம் என்றால் யாராவது சோடியம் உப்பைக் கொட்டினால்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

எட்டாவது தயாரிப்பைப் பேட்டரிக் கடைத் தண்ணீரை மறுபடி காய்ச்சி வடித்துச் செய்தோம். காரக் கரைசலைக் கண்ணாடியில் வைக்காமல் பாலிபுரொப்பிலீன் பாட்டிலில் வைத்தோம், கண்ணாடியிலிருந்தும் சோடியம் கரைந்து வரும் என்பதால். நைட்ரஜன் உறையை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். நல்ல காற்றடி நாள். அடுத்த வாரம் குடுவையில் பெராக்சைடு விட்டபோது ஒரு குமிழிகூட எழவில்லை. மாணவர் சொட்டுப்புனலைத் திறந்தே வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடிப்போய் அண்ணாவைக் கூட்டிவந்து காட்டினார். நிறமாலையில் 330 மேடு காணாமல் போயிருந்தது.

கெட்ட மூன்றையும் அமிலத்தில் கழுவிப் பார்த்தோம். சோடியம் போனது, வேலைத்திறன் கொஞ்சம்தான் திரும்பியது. உள்ளே போகாத டைட்டானியத்தைக் கழுவி உள்ளே அனுப்ப முடியாது.

திருப்பூர்ச் சாயத்தண்ணீர்

நடுவில் இருந்த ஆண்டுகளைச் சுருக்கிவிடுகிறேன். 1992-இல் மோபில் நிறுவனத்தார் பெருந்துளைச் சிலிக்காக்களை அறிவித்த பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள், நாங்களும் போனோம். பெரிய மூலக்கூறுகள் உள்ளே நுழைந்தன. ஆனால் அந்தச் சுவருக்குத் தண்ணீர் பிடிக்கும், டைட்டானியமும் மெல்லக் கரைந்து வெளியேறும். சில கட்டுரைகள் வந்தன. அவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நொய்யலைப் பார்த்தவர்களுக்கு அந்த உத்தரவின் காரணம் தெரியும். வெள்ளியங்கிரி மலையில் பளிங்காகக் கிளம்பும் ஆறு, திருப்பூரைத் தாண்டும்போது நிறம் நிறமாக ஓடும். பாசனத்துக்காகச் சென்னிமலைப் பக்கம் 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள் என்று விவசாயிகளே போராடினார்கள். எங்கள் ஊர்ச் சொந்தங்களில் இரண்டு பக்கமும் ஆட்கள் உண்டு. பட்டறையில் சம்பளம் வாங்கியவர்களும், கிணறு கெட்டுத் தென்னை காய்ந்து நின்றவர்களும். ஆகவே பெராக்சைடு வைத்துச் சாயத்தைச் சிதைக்கும் வினையூக்கி செய்யலாம் என்று ஒரு மாணவர் வந்தபோது நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் சாயம் சிதையும் என்பது ஆங்கிலேய வேதியியலாளர் ஃபென்டன் 1894-இல் விவரித்த வினையிலிருந்து வரும் வழி. சிக்கல், வேலை முடிந்ததும் இரும்பு முழுக்கச் சேறாகப் படியும், அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது? இரும்பை ஜியோலைட்டுக்குள் கட்டிவைத்துவிட்டால் சேறு இல்லை, தூளை வடிகட்டி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். இதுதான் திட்டம். டி.ஐ. தண்ணீரில் கரைத்த சாயத்தில் பிரமாதமாக வேலை செய்தது. (இப்போதெல்லாம் டி.ஐ. குழாய் அருகே ஃபினாப்தலின் பாட்டில் கயிற்றில் தொங்கும்.) கருநீலக் கரைசல் கண்ணெதிரே வெளுத்தது. ஒரு பட்டறையிலிருந்து அசல் சாயக்குளியல் தண்ணீர் வாங்கிவந்து விட்டோம். இன்னும் வேகமாக வெளுத்தது. மாணவருக்குத் தலைகால் புரியவில்லை, கட்டுரையின் முதல் வரைவே எழுதிவிட்டார்.

இன்னும் வேகமாக என்பதுதான் எனக்கு உறுத்தியது. அசல் தண்ணீரில் குளோரைடு மண்டிக் கிடக்கிறது. அது இந்த வினையை மட்டுப்படுத்த வேண்டும், வேகப்படுத்தக் கூடாது. அந்தச் சாய மூலக்கூறும் எங்கள் ஜியோலைட்டின் வாய்க்காலில் நுழையவே முடியாத பருமன். உள்ளே இருக்கும் இரும்பு வெளியே இருக்கும் சாயத்தை எப்படித் தொட்டது?

வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் குழுவினர் 1998-இல் ஒரு நல்ல எச்சரிக்கையை எழுதினார்கள். திரவத்தில் நடக்கும் ஆக்சிஜனேற்றங்களில், திண்மமாகத் தெரியும் வினையூக்கியிலிருந்து கரைந்து வந்த உலோகமே உண்மையில் வேலை செய்துகொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழி: வினை பாதியில் இருக்கும்போது, சூடு ஆறாமல், தூளை வடிகட்டி எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் கரைந்த உலோகம் திரும்பத் தூளில் ஒட்டிக்கொள்ளும். வடிநீரில் வினை நின்றால் தூள்தான் வேலைக்காரன். தொடர்ந்தால் வேலைக்காரன் கரைசலில் இருக்கிறான்.

மாணவர் செய்தார். வடிநீர் நிற்கவே இல்லை, அதே வேகத்தில் வெளுத்துக்கொண்டு போனது. வடிநீரில் இரண்டு சொட்டு தயோசயனேட் விட்டோம். ரத்தச் சிவப்பு. இரும்பு மொத்தமாக வெளியே வந்திருந்தது.

ஏன் என்று அவர் கேட்டபோது நான் அவரை நூலகத்துக்கு அனுப்பவில்லை, பட்டறைக்கு அனுப்பினேன். குளியலில் என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டுவரச் சொன்னேன். சாயம் பருத்தியில் ஏற லிட்டருக்கு 50 கிராம் அளவில் உப்பு கொட்டுகிறார்கள். சாதாரண உப்பில் அது லிட்டருக்கு 20 கிராம் சோடியம். ஜியோலைட்டில் இரும்பை நாங்கள் அயனிப் பரிமாற்றத்தில்தான், அதாவது ஓர் அயனியை எழுப்பிவிட்டு அதன் இடத்தில் இன்னொன்றை உட்கார வைக்கும் முறையில்தான், ஏற்றியிருந்தோம். ஏற்றிய வழியிலேயே சோடியம் உள்ளே போய் இரும்பை இறக்கிவிட்டது. வினைக்குத் தேவையான அமிலத்தன்மையும் அதற்குத் துணை. இந்த முறை ரெசின் பத்தியில் நடந்தது தலைகீழாக நடந்தது. அங்கே வலுவான கால்சியம் பலவீனமான சோடியத்தைத் தள்ளியது, இங்கே சோடியம் வெறும் எண்ணிக்கையாலேயே இரும்பைத் தள்ளிவிட்டது.

அன்று சாயங்காலம் மாணவரோடு கேன்டீனில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று ஆண்டு வேலை. ‘வரைவ அனுப்பிட்டா யாருக்கும் தெரியாதுங்களே மேடம்’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது, அவர் வயதில் அந்த ஆசை வரும். அவர் கேட்டது வேறு: ‘இத அப்படியே அத்தியாயமா எழுதலாங்களா மேடம்?’

எழுதினார். பரிமாற்றத்தில் ஏற்றிய இரும்பு உப்புத் தண்ணீரில் நிற்காது என்பதையும், எவ்வளவு உப்புக்கு எவ்வளவு இரும்பு இறங்குகிறது என்பதையும் படிப்படியாக அளந்தார். தயாரிக்கும்போதே எலும்புக்கூட்டுக்குள் இரும்பை வைத்த தூளையும் சோதித்தார். அதில் இறக்கம் குறைவு, வேகமும் குறைவு. சாயம் நிறமிழந்த பிறகும் உப்பு உப்பாகவே இருக்கிறது, அதைச் சவ்வு வழியாகவும் ஆவியாக்கியும்தான் பிரிக்க முடியும், வினையூக்கி அந்த வேலையைச் செய்யாது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். குளோரைடு நிறைந்த நீரில் இந்த வகை ஆக்சிஜனேற்றம் குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களை உண்டாக்கக்கூடும் என்பதையும் ஒரு பக்கத்துக்கு எழுதச் சொன்னேன். நொய்யலுக்கு நிறம் மட்டும் போய், நஞ்சு கூடினால் யாருக்கு என்ன லாபம்?

அந்த அத்தியாயத்தின் நடுவில் ஒரு படம் இருக்கிறது, இரண்டு கோடுகள். ஒன்று தூள் உள்ளே இருக்கும்போது சாயம் வெளுத்த வேகம், இன்னொன்று தூளைச் சூட்டோடு வடிகட்டி எடுத்த பிறகு வெளுத்த வேகம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரியும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து வைத்துக்கொண்டு, கோடுகள் இரண்டா ஒன்றா என்று கேட்டார். மாணவர் எழுந்து போய், சாக்பீஸால் பலகையில் சோடியம் என்று எழுதிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.